லிண்ட்பெர்க் என்று தேடினால் கிடைக்காத தாத்தா: ஒரு சுவீடன் குடும்பம், அதன் பெயர்கள், அதன் தேவாலயப் பங்குப் பதிவேடுகள்

1927 மே 20, 21 தேதிகளில் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை எங்கும் இறங்காமல் தனியாக விமானம் ஓட்டிப் போன சார்லஸ் லிண்ட்பெர்க்கைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா சுவீடன்காரர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாத்தா பிறந்த பதிவை சுவீடன் ஆவணங்களில் 'லிண்ட்பெர்க்' என்ற பெயரை வைத்துத் தேடினால் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது. 1808-இல் அவர் பிறந்தபோது அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. கல்யாணம் ஆனபோதும், நாடாளுமன்றத்துக்குத் தேர்வானபோதும், அவர்மேல் வழக்கு நடந்தபோதும் அவர் ஓலா மோன்சன். ஐம்பது வயதைக் கடந்து, 1859-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய சமயத்தில்தான் அவர் ஆகஸ்ட் லிண்ட்பெர்க் ஆகிறார்.

சுவீடனில் வேர் தேடுகிறவர்களுக்கு வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குடும்பத்திலேயே இருக்கின்றன: தகப்பன் பெயர் வழக்கம், இடையில் மாறிய பெயர், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை, தலைநகரத்தில் நடந்த பிறப்பு, சத்தமில்லாமல் நாட்டைவிட்டுப் போனது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். 1900-க்கு முந்தைய சுவீடனில் ஒரு ஆளைக் கடைசிப் பெயரை வைத்துத் துரத்தாதீர்கள், அவர் இருந்த பண்ணையையும் பிறந்த தேதியையும் வைத்துத் துரத்துங்கள். எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் கதைச் சுருக்கம். ஓலா மோன்சன் சுவீடனின் தென்கோடியான ஸ்கோனே மாகாணத்தில், ஸ்மெட்ஸ்டோர்ப் பங்கைச் சேர்ந்தவர் (பங்கு என்றால் ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்கள்). பண்ணை கோர்ட்லோசா என்ற ஊரில். மனைவி இங்கார் யோன்ஸ்டோட்டர், பிள்ளைகள் பலர். நல்ல பேச்சாளர், ஊரில் செல்வாக்கு உள்ளவர், 1847-இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். அப்போது சுவீடன் நாடாளுமன்றம் பிரபுக்கள், குருமார்கள், நகரத்தார், விவசாயிகள் என்று நான்கு அவைகளாக இருந்தது (1866 வரை அப்படித்தான்). ஓலா உட்கார்ந்தது விவசாயிகள் அவையில். மால்மோவில் இருந்த அரசு வங்கியின் கடன் அலுவலகத்திலும் அவருக்குப் பொறுப்பு இருந்தது, அதில் பணம் கையாடியதாகக் குற்றச்சாட்டு வந்தது. அது அரசியல் பழிவாங்கல் என்று சொன்னவர்களும் உண்டு. இதற்கிடையே ஸ்டாக்ஹோமில் லோவிசா கார்லேன் என்ற இளம்பெண்ணோடு உறவு ஏற்பட்டு, 1859 ஜனவரி 20 அன்று கார்ல் ஆகஸ்ட் என்ற மகன் பிறந்தான். அதே ஆண்டில் மனைவியையும் மற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டு, லோவிசாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓலா அமெரிக்கா போய் மின்னசோட்டாவில் மெல்ரோஸ் அருகே குடியேறினார். அந்தக் கைக்குழந்தைதான் பிறகு சார்லஸ் ஆகஸ்ட் லிண்ட்பெர்க் என்ற பெயரில் வழக்கறிஞராகி, 1907 முதல் 1917 வரை அமெரிக்கக் காங்கிரசில் இருந்தார். அவருடைய மகன் விமானி.

மோன்சன் என்பதில் உள்ள தகவல்

நம்மூரில் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது, யாருக்கும் குழப்பம் வருவதில்லை. சுவீடன் கிராமங்களிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான், எழுத்தாக இல்லாமல் முழுப் பெயராகப் பின்னால் வரும். மோன்ஸ் என்பவரின் மகன் மோன்சன். ஓலாவின் மகன்கள் ஓல்சன், மகள்கள் ஓல்ஸ்டோட்டர். யோன்ஸ் என்பவரின் மகள் யோன்ஸ்டோட்டர், அவள் கல்யாணம் ஆன பிறகும் யோன்ஸ்டோட்டர்தான், ஏனென்றால் அவள் அப்பா மாறிவிடவில்லை. கிராமத்துப் பெண்கள் கணவன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் பழக்கம் 1800-களின் பிற்பகுதியில்தான் பரவலானது.

ஆக, கோர்ட்லோசாவில் அந்த ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் மோன்சன், யோன்ஸ்டோட்டர், ஓல்சன், ஓல்ஸ்டோட்டர் என்று நான்கு விதமான கடைசிப் பெயர்கள் இருக்கும். வம்ச மென்பொருளில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று பழகியவர்களுக்கு இது முதல் அதிர்ச்சி. அந்தக் கட்டத்தில் எதைப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் 'மோன்சன் குடும்பம்' என்று ஒன்று தலைமுறைகளாக வந்தது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மோன்சன் என்ற பெயர் நமக்குத் தருவது ஒரே ஒரு தகவல், அப்பாவின் பெயர் மோன்ஸ். அவ்வளவுதான். அந்த மோன்சின் அப்பா யார் என்பது ஓலாவின் பெயரில் இல்லை, அதை வேறு ஏட்டில்தான் தேட வேண்டும்.

ஆனால் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களில் உதவி இருக்கிறது. முதல் மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர், பெண் பிள்ளைகளுக்கு அதேபோல் பாட்டிமார் பெயர் என்பது பரவலான வழக்கம். கட்டாயச் சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் விவசாயக் குடும்பங்களில் அடிக்கடி பலிக்கும். ஓலாவின் மகன்களில் ஒருவர் பெயர் மோன்ஸ். தாத்தா மோன்ஸ், மகன் ஓலா மோன்சன், பேரன் மோன்ஸ் ஓல்சன் என்று இரண்டு பெயர்களும் மாறி மாறி வரும். இன்னொரு வழக்கமும் உண்டு, மனதைக் கனக்க வைப்பது அது: குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள், மனைவி இறந்து மறுமணம் செய்தவர் இரண்டாவது மனைவிக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்கு முதல் மனைவியின் பெயரை வைப்பார். அதனால் ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பிறப்புப் பதிவுகள் கண்ணில் பட்டால், முதல் பதிவைக் கண்டதும் இதுதான் நம் ஆள் என்று நின்றுவிடாமல் இறப்பு ஏட்டையும் திறந்து பார்க்க வேண்டும்.

பெயர்களின் எண்ணிக்கையே குறைவு என்பதும் சிக்கல். ஸ்கோனேயில் ஓலா, மோன்ஸ், யோன்ஸ், நில்ஸ், பேர், ஆண்டர்ஸ் என்று திரும்பத் திரும்ப வரும். ஒரே பங்கில் ஒரே வயதில் இரண்டு ஓலா மோன்சன்கள் இருந்தால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. இதற்கு சுவீடன்காரர்கள் வைத்திருந்த தீர்வு பண்ணை. விவசாயிகள் அவையிலும் ஒரே பெயரில் பலர் வந்து உட்கார்ந்ததால், அங்கேயும் ஊரைச் சேர்த்தே குறிப்பிட்டார்கள்: 'கோர்ட்லோசாவில் இருக்கும் ஓலா மோன்சன்'. இந்த ஒரு வரிதான் நம் வழக்கில் திறவுகோல், ஏனென்றால் பங்கு ஏடுகளும் இதே முறையில்தான், ஊர் வாரியாக, பண்ணை வாரியாக எழுதப்பட்டிருக்கின்றன.

வீட்டு ஏட்டின் ஒரு பக்கம்

சுவீடனில் 1686-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் எல்லாப் பங்குகளும் பிறப்பு, திருமணம், இறப்பு, குடிபெயர்வு ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்றது. வெஸ்டெரோஸ் போன்ற மறைமாவட்டங்களில் ஆயர் ருட்பெக்கியஸின் ஏற்பாட்டால் 1620-களிலேயே தொடங்கிவிட்டது. பிறகு 1991 வரை நாட்டின் மக்கள்தொகைப் பதிவே திருச்சபையின் கையில்தான் இருந்தது, அந்த ஆண்டு ஜூலை 1 முதல்தான் வரித்துறை எடுத்துக்கொண்டது.

இந்த ஏடுகளில் தனித்துவமானது 'ஹூஸ்ஃபர்ஹோர்' ஏடு, அதாவது வீட்டுத் தேர்வுப் பதிவேடு. போதகர் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வீட்டாரும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்களா, லூத்தரின் ஞானோபதேசம் என்ற மறைப்பாடம் தெரியுமா என்று சோதித்துக் குறித்துக்கொள்வார். அதற்காகப் போட்ட பட்டியல்தான் இன்று நமக்குப் பொக்கிஷம். ஒரு ஏடு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை ஓடும். பக்கத்தின் தலைப்பில் ஊர், பண்ணை எண். கீழே முதலில் வீட்டுக்காரர், அடுத்து மனைவி, பிள்ளைகள் வயது வரிசையில், பிறகு வேலைக்காரன், வேலைக்காரி, அங்கேயே ஒண்டியிருக்கும் வயதான அப்பா அம்மா. ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, பிறந்த பங்கு, திருமணம், அம்மைத் தடுப்பு (1816-இல் தடுப்பூசி கட்டாயமானது), வாசிப்பு, நற்கருணைக்கு வந்த நாட்கள், எங்கிருந்து வந்தார், எங்கே போனார், எந்த ஆண்டு, எந்தப் பக்கத்தில் தொடர்ச்சி, கடைசியில் குறிப்புக்கான கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தை அவசரத்தில் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தண்டனை, உடல் ஊனம், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை, 'எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை' எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஓலா போன்றவரைத் தேடும்போது வேலை இங்கே தொடங்க வேண்டும், பிறப்பு ஏட்டில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் வளர்ந்த ஆளாக, நாடாளுமன்ற உறுப்பினராக ஸ்மெட்ஸ்டோர்ப்பில் வாழ்ந்த 1850-களின் ஏட்டில் கோர்ட்லோசா ஊரின் பக்கங்களைப் புரட்டி, இங்கார் என்ற மனைவியும் மோன்ஸ் என்ற மகனும் உள்ள ஓலாவைக் கண்டுபிடித்தால் ஆள் உறுதியாகிவிடும். அங்கே எழுதியிருக்கும் பிறந்த தேதியையும் பங்கையும் எடுத்துக்கொண்டு, முந்தைய ஏடு, அதற்கும் முந்தைய ஏடு என்று பின்னோக்கிப் போய், அவர் பிள்ளையாகத் தன் அப்பா வீட்டுப் பட்டியலில் வரும் பக்கம் வரை போனால், அதற்குப் பிறகு பிறப்பு ஏட்டைத் திறக்கலாம். நேராக 1808 பிறப்பு ஏட்டைத் திறந்து 'மோன்சின் மகன் ஓலா' என்று கண்ட முதல் ஆளைப் பிடித்துக்கொண்டால் தவறான குடும்பத்துக்குள் நுழைந்துவிடும் அபாயம் உண்டு, நுழைந்த பிறகு நூறு ஆண்டுகள் பின்னோக்கி எல்லாம் அழகாகப் பொருந்துவதுபோலவே தெரியும்.

ஸ்கோனேக்கு ஒரு தனிக் கஷ்டம், பல பங்குகளில் வீட்டு ஏடுகள் 1800-களின் தொடக்கத்திலிருந்துதான் மிஞ்சியிருக்கின்றன. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் பிறப்பு ஏடு, நிலவரி ஏடு, சொத்துப் பிரிவினைப் பட்டியல் ஆகியவற்றை ஒட்டுப்போட்டுத்தான் போக வேண்டும். இதில் சொத்துப் பட்டியலைக் கட்டாயம் தேடச் சொல்வேன். 1734-ஆம் ஆண்டின் சட்டப்படி ஒருவர் இறந்த பிறகு அவருடைய உடைமைகளையும் வாரிசுகளையும் எழுதி நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும், அதில் கல்யாணமாகி வேறு பங்குக்குப் போன மகள்கள்கூடக் கணவன் பெயரோடு வந்துவிடுவார்கள்.

பண்ணை எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கோனேயில் 1803-இல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டத்தால், துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த வயல்கள் ஒரே இடமாகச் சேர்க்கப்பட்டன, ஊர் நடுவே நெருக்கமாக இருந்த வீடுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் தங்கள் வயலுக்கே குடிபோனார்கள். வீடு இடம் மாறினாலும் பழைய எண் கூடவே போனது. அதனால் வரைபடத்தில் ஊருக்கு வெகு தூரத்தில் ஒரு வீட்டைப் பார்த்து 'இது வேறு பண்ணை' என்று தள்ளிவிடாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

கையெழுத்தும் தேதியும்

ஏடுகளைத் திறந்ததும் பலர் பயந்து மூடிவிடுவது கையெழுத்தால். 1700-களின் எழுத்து ஜெர்மன் பாணிக் கூட்டெழுத்து, அதில் பல எழுத்துகள் இன்றைய ரோமன் எழுத்துகளோடு ஒத்துப்போகாது. நல்ல வேளையாக, போதகர்கள் லத்தீன் சொற்களைத் தனியாகத் தெளிவான லத்தீன் எழுத்தில் எழுதுவது வழக்கம், ஆட்களின் பெயரையும் பல சமயம் அப்படியே எழுதியிருப்பார்கள். அதனால் வரியின் மற்ற பகுதி புரியாவிட்டாலும் பெயரைப் பிடிக்க முடியும். எனக்கு உதவிய வழி, அதே போதகர் எழுதிய, எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஊர்ப் பெயர்களை முதலில் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து அவருடைய எழுத்து ஒவ்வொன்றையும் பழகிக்கொள்வது. போதகர் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. ஓலா, ஓலோஃப், ஓலுஃப் மூவரும் ஒருவராக இருக்கலாம். மோன்சும் மாக்னசும் அப்படியே. பேர், பீட்டர், பெட்டர் அப்படியே. 1658 ரோஸ்கில்டே உடன்படிக்கை வரை ஸ்கோனே டென்மார்க்குடன் இருந்தது, அதனால் பழைய ஏடுகளில் 'டோட்டர்' இருக்க வேண்டிய இடத்தில் 'டாட்டர்' என்று டேனிஷ் சாயல் வரும். லிண்ட்பெர்க் என்ற பெயரின் கடைசியில் வரும் ஓசையில்லாத 'எச்' (h) எழுத்தும் அலங்காரத்துக்குப் போட்டதுதான், அது இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து இரண்டு குடும்பங்களைப் பிரிக்க முடியாது.

தேதியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 12/5 என்று எழுதியிருந்தால் சுவீடனில் அது மே 12. அமெரிக்கர்கள் பழக்கத்தில் டிசம்பர் 5 என்று ஏற்றிவிடுகிறார்கள். 7, 8, 9, 10 என்ற எண்களுக்குப் பின்னால் 'பிஆர்' என்று சுருக்கம் இருந்தால் அவை ஏழாம், எட்டாம் மாதங்கள் கிடையாது, பழைய ரோமானிய எண்ணிக்கைப்படி செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். பிறப்பு ஏட்டில் உள்ள தேதி பிறந்த தேதியா ஞானஸ்நானத் தேதியா என்பதையும் பார்க்க வேண்டும், 1686 சட்டப்படி எட்டு நாட்களுக்குள் ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும் என்பதால் இரண்டுக்கும் இடைவெளி சிறியது, ஆனால் இரண்டு ஏடுகளை ஒப்பிடும்போது அந்தச் சில நாட்களே வேறு ஆள் என்று எண்ண வைத்துவிடும்.

இன்னும் பின்னால் போகிறவர்களுக்கு நாட்காட்டியே பிரச்சினை. சுவீடன் 1700 முதல் 1712 வரை உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு நாட்காட்டியை வைத்திருந்தது. ஜூலியன் நாட்காட்டியைவிட ஒரு நாள் முன்னே, கிரிகோரியனைவிடப் பத்து நாள் பின்னே. 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளைச் சேர்த்து ஜூலியனுக்குத் திரும்பினார்கள், பிறகு 1753-இல் பிப்ரவரி 17-க்கு அடுத்த நாள் மார்ச் 1 என்று கிரிகோரியனுக்கு மாறினார்கள். தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் பிறந்த நாள் 1707 மே 23 என்று நூல்களில் இருக்கும், ஆனால் அன்றைய சுவீடன் கணக்கில் அது மே 13.

லின்னேயஸ் பெயரைச் சொன்னதால் இன்னொன்று. அவருடைய அப்பா நில்ஸ் இங்கெமார்சன், விவசாயி மகன். லுண்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது குடும்பப் பண்ணையில் நின்ற பெரிய லிண்டன் மரத்தின் பெயரை லத்தீனாக்கி லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். அதே மரத்தை வைத்து உறவினர்கள் டிலியாண்டர் என்றும் லிண்டேலியஸ் என்றும் வைத்துக்கொண்டார்கள். படித்தவர்கள், குருமார்கள், நகரத்து வணிகர்கள் தகப்பன் பெயரைக் கழற்றிவிட்டு இப்படி இயற்கையிலிருந்து பெயர் எடுப்பது நீண்ட நாள் வழக்கம். 1800-களில் இது பரவலாகி, லிண்ட், பெர்க், ஸ்ட்ரோம், க்விஸ்ட், க்ரேன் என்று மரம், மலை, ஓடை, கிளை, கொப்பு எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கோத்துப் பெயர் செய்தார்கள். லிண்ட்பெர்க் அப்படிச் செய்த பெயர்களில் ஒன்று, லிண்டன் மரமும் மலையும். ஓலா அந்தப் பெயரை எடுத்தது ஒளிந்துகொள்ள மட்டும்தான் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பின்னணியை மறந்துவிடுகிறார்கள். விவசாயி மகன் மேலே வந்தால் இப்படி ஒரு பெயர் எடுப்பது அந்தக் காலத்தில் சாதாரணம், வழக்கில் மாட்டாமல் ஸ்கோனேயிலேயே இருந்திருந்தாலும் அந்தக் குடும்பத்தில் யாராவது எடுத்திருக்கலாம். அவருடைய மகன் மோன்சும் லிண்ட்பெர்க் என்ற பெயரில்தான் அறியப்பட்டார்.

படைவீரர் பெயர்களும் இதே குழப்பத்தைச் செய்யும். 1682-லிருந்து நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டில் சில பண்ணைகள் சேர்ந்து ஒரு வீரனுக்குக் குடிசையும் நிலமும் கொடுத்து வைத்திருக்கும். படையில் பத்து ஆண்டர்சன்கள் இருந்தால் கூப்பிட முடியாது என்பதால் ராஸ்க், மோடிக், ஷோல்ட் என்று சின்னப் பெயர் வைப்பார்கள். அந்தப் பெயர் பல சமயம் குடிசையோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்து வரும் வீரனும் ரத்த உறவு எதுவும் இல்லாமல் அதே பெயரைச் சுமப்பான். முதல் வீரனின் மகனோ மறுபடி தகப்பன் பெயருக்குப் போய்விடுவான். பெயர் ஒன்றாக இருந்தால் சொந்தம் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஸ்டாக்ஹோமில் பிறந்த குழந்தை

கார்ல் ஆகஸ்டின் பிறப்புக்கு வருவோம். அப்பா ஸ்கோனேயில் மனைவி உள்ளவர், அம்மா ஸ்டாக்ஹோமில், குழந்தை திருமணத்துக்கு வெளியே. இப்படிப்பட்ட வழக்குகளில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. கல்யாணமாகாத தாய்மார்கள் அவமானத்துக்கும் தண்டனைக்கும் பயந்து பிறந்த சிசுவைக் கொன்றுவிடுவதைத் தடுக்க, மூன்றாம் குஸ்டாவ் மன்னர் 1778-இல் ஓர் ஆணை போட்டார். அதன்படி ஒரு பெண் தன்னைத் தெரியாத ஊருக்குப் போய், பெயர் சொல்லாமல் பிள்ளை பெறலாம், போதகர் வற்புறுத்திக் கேட்கக் கூடாது. ஸ்டாக்ஹோம் போன்ற பெரிய நகரங்களின் பிறப்பு ஏடுகளில் 'தாய் தெரியாது' என்ற பதிவுகள் அத்தனை இருப்பதற்குக் காரணம் இந்த ஆணைதான். மறைத்தது கருணையால் வந்த ஏற்பாடு என்று தெரிந்தபிறகு, அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை.

தலைநகரத்தின் இன்னொரு தொல்லை, அங்கே கிராமங்களில் இருப்பதுபோல் வீட்டு ஏடுகள் ஒழுங்காக இல்லை. ஆள் அடிக்கடி வீடு மாறுவார், போதகர் எல்லாரையும் தெரிந்துவைத்திருக்க முடியாது. அதனால் கிராமத்தில் பின்தொடர்வதைப்போல் ஒருவரை ஆண்டுக்கு ஆண்டு பின்தொடர முடியாமல் போகும், பங்கு பங்காகப் பிறப்பு ஏடுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கும். லோவிசாவின் பெயரான கார்லேன் தகப்பன் பெயர் வகையைச் சேர்ந்தது இல்லை என்பதையும் கவனியுங்கள். 'ஏன்' என்று முடியும் இந்த நாகரிகப் பெயர்கள் நகரத்தாரிடமும் குருமார் குடும்பங்களிலும் அதிகம் இருந்தன.

குழந்தையின் பெயரில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. ஸ்கோனே கிராமத்து வழக்கப்படி வளர்ந்திருந்தால் அவன் கார்ல் ஓல்சன். அமெரிக்காவில் அவன் சார்லஸ் ஆகஸ்ட் லிண்ட்பெர்க் ஆனான், அவன் மகன் சார்லஸ் அகஸ்டஸ் லிண்ட்பெர்க். தாத்தா ஆகஸ்ட், அப்பா சார்லஸ் ஆகஸ்ட், பேரன் சார்லஸ் அகஸ்டஸ். மோன்ஸ், ஓலா என்று மாறி மாறி வந்த வரிசை அறுந்துபோய், அந்த இடத்தில் புதுப் பெயரே ஒரு வரிசையாகிவிட்டது.

நாட்டைவிட்டுப் போன தடம்

ஒருவர் ஒரு பங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் போதகரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டும், போன இடத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் குடிபெயர்வு ஏட்டில் வரிசை எண்ணோடு பதிவாகும். அமெரிக்கா போனவர்களுக்கும் இதே முறைதான், ஏட்டில் 'வட அமெரிக்கா' என்று இருக்கும். 1860 வரை வெளிநாடு போகக் கடவுச்சீட்டும் தேவைப்பட்டது, அந்தப் பட்டியல்களும் பல இருக்கின்றன. கோத்தன்பர்க் துறைமுகத்துக் காவல்துறையின் பயணிகள் பட்டியல்கள் 1869-லிருந்துதான் இருக்கின்றன, ஆக 1859-இல் போன குடும்பத்துக்கு அவற்றால் பயன் இல்லை. இது தெரியாமல் அந்தப் பட்டியலிலேயே மாதக்கணக்கில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நீதிமன்ற வழக்கு முடிகிற சமயத்தில் கிளம்புகிற ஒரு ஆள் போதகரிடம் போய் வரிசையில் நின்று சான்று வாங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டு ஏட்டின் குறிப்புக் கட்டத்தையும், ஏட்டின் கடைசியில் இருக்கும் 'இருப்பிடம் தெரியாதவர்கள்' பகுதியையும் பார்க்க வேண்டும். பெயர் மேல் கோடு போட்டிருந்தால் இறந்துவிட்டார் என்று மட்டும் அர்த்தம் இல்லை, அந்தப் பக்கத்தைவிட்டுப் போய்விட்டார் என்பதற்கும் அதே கோடுதான்.

அமெரிக்கப் பக்கத்தில் கிடைப்பதெல்லாம் ஆகஸ்ட் லிண்ட்பெர்க், பிறந்த நாடு சுவீடன், தோராயமான வயது. இதை மட்டும் வைத்துக்கொண்டு சுவீடன் ஏடுகளுக்குள் போகவே முடியாது, எந்தப் பங்கு என்று தெரிந்தாக வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம், ஓலா பொதுவாழ்வில் இருந்தவர், வழக்கும் நடந்தது, அதனால் கோர்ட்லோசா என்ற பெயர் தொலையவில்லை. சாதாரணக் கூலிக்காரர் ஒருவர் இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டு போயிருந்தால், அமெரிக்காவில் அவர் சேர்ந்த சுவீடன் லூத்தரன் சபையின் உறுப்பினர் ஏட்டைத்தான் நம்ப வேண்டும். ஊரிலிருந்து வந்த போதகர்கள் அங்கேயும் அதே பழக்கத்தில் பிறந்த தேதியையும் பல நேரம் பிறந்த பங்கையும் எழுதிவைத்தார்கள்.

இணையத்தில் சுற்றும் வம்ச மரங்களில் ஓலாவின் அப்பாவையும் 'மோன்ஸ் லிண்ட்பெர்க்' என்று ஏற்றியிருப்பதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. வாழ்நாள் முழுக்க அவர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கக்கூட மாட்டார். ஒருவரைப் பதிவு செய்யும்போது அவர் பிறந்தபோது இருந்த பெயரை, ஏட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு, எழுதுங்கள். பிறகு எடுத்த பெயரை மாற்றுப் பெயராக, எந்த ஆண்டிலிருந்து என்று சேர்த்து எழுதுங்கள். கூடவே பங்கு, ஊர், பண்ணை எண், ஏட்டின் எழுத்துக் குறி, பக்கம். சுவீடன் காப்பகங்கள் எல்லாப் பங்குகளுக்கும் ஒரே குறி முறையைப் பின்பற்றுகின்றன: ஏ என்றால் வீட்டு ஏடு, பி குடிபெயர்வு, சி பிறப்பு, ஈ திருமணமும் அதற்கு முன் நம் தேவாலயங்களில் ஓலை வாசிப்பதைப்போல அங்கே வாசிக்கும் அறிவிப்பும், எஃப் இறப்பு. இந்தக் குறியைக் கொடுத்துவிட்டால் உலகத்தில் எங்கிருந்தும் யாரும் உங்கள் கூற்றைச் சரிபார்த்துவிடலாம். 2018-லிருந்து சுவீடன் தேசிய ஆவணக் காப்பகம் தன் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டதால் இதற்கு ஒரு காசும் செலவில்லை. அந்தப் படங்களில் பல பழைய கருப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தவை, மங்கிய மை அவற்றில் தெரியாமல் போனால் பணம் கட்டிப் பார்க்கும் ஆர்கிவ்டிஜிட்டல் தளத்தின் வண்ணப் படங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி ஸ்கோனேயில் இருந்துவிட்ட பிள்ளைகள். அவர்களில் தகப்பன் பெயரிலேயே இருந்தவர்களை ஓல்சன், ஓல்ஸ்டோட்டர் என்று தொடர வேண்டும். அவர்களின் பிள்ளைகள் காலத்தில்தான் பெயர் உறையத் தொடங்குகிறது. பேர் ஓல்சன் என்பவரின் மகன் பழைய வழக்கப்படி பேர்சன் ஆகலாம், புதுப் பழக்கப்படி அப்பாவைப்போல் ஓல்சன் என்றே இருந்துவிடலாம், ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள்கூட வேறு வேறாக முடிவு செய்திருப்பார்கள். 1901-இல் வந்த பெயர்ச் சட்டம் நிலையான குடும்பப் பெயரை நோக்கித் தள்ளியது, 1920 திருமணச் சட்டம் மனைவிக்குக் கணவன் பெயர் என்று வகுத்தது, 1982-இல் தகப்பன் பெயரை மறுபடி வைத்துக்கொள்ள வழி திறந்தது. ஆகவே இந்தக் கிளையை இறக்கிக்கொண்டு வரும்போது 1860 முதல் 1900 வரை உள்ள நாற்பது ஆண்டுகளுக்கு வீட்டு ஏட்டில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பிறந்த தேதியை வைத்துப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிந்தைய ஏடுகளில் எழுபது ஆண்டு ரகசியக் கட்டுப்பாடு குறுக்கே வருகிற இடத்திலிருந்து காப்பகத்திடமோ வரித்துறையிடமோ விண்ணப்பித்துத்தான் கேட்க வேண்டும். அப்போதும் அவர்கள் முதலில் கேட்பது பிறந்த தேதியைத்தான்.